மாதவிலக்கு நின்றுவிட்டால் டமோக்சிஃபெனிலிருந்து லெட்ரோசோலுக்கு மாறலாமா? மார்பகப் புற்றுக்கான ஹார்மோன் சிகிச்சை

செந்தூல்_வாசு

அண்ணிக்கு வயசு 46. இடது மார்பில் 2.3 செ.மீ. கட்டி, அக்குளில் ஒரு நெறிக்கட்டியிலும் புற்று இருந்தது. ஆப்பரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து இப்போது டமோக்சிஃபென் 20 மி.கி. தினமும். கீமோ நடுவிலேயே மாதவிலக்கு நின்றுவிட்டது. சொந்தக்காரர் ஒருவர், "அதான் நின்னுடுச்சே, இனிமே லெட்ரோசோல்தான் நல்ல மருந்து, டமோக்சிஃபென் பழசு" என்று சொல்லி, அவர் வீட்டில் மிச்சமிருந்த ஓர் அட்டையையும் கொடுத்திருக்கிறார். அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் இன்னும் தள்ளி இருக்கிறது. அதுவரை மாற்றிச் சாப்பிடலாமா?

ரிப்போர்ட்டில் இ.ஆர். 8/8, பி.ஆர். 6/8, ஹெர்-2 நெகட்டிவ் என்று இருக்கிறது. எட்டுக்கு எட்டு என்றால் ரொம்ப முற்றியதா? அண்ணி அதைப் பார்த்துத்தான் பயந்துபோயிருக்கிறார்.

மருந்து_கவுண்டர்

வாசு, முதலில் அந்த அட்டையை அப்புறப்படுத்துங்கள். 46 வயதில், கீமோவால் மாதவிலக்கு நின்ற ஒருவர் லெட்ரோசோலை மட்டும் சாப்பிட்டால் பயனில்லை என்பதோடு நிற்காது, கெடுதலாகவே முடியலாம்.

மாதவிலக்கு இயற்கையாக முடிந்த பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் சூலகத்திலிருந்து வருவது ஏறக்குறைய நின்றிருக்கும். அட்ரினல் சுரப்பி தரும் ஆண்ட்ரோஜனை, கொழுப்பிலும் தசையிலும் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. லெட்ரோசோல் 2.5 மி.கி., அனஸ்ட்ரசோல் 1 மி.கி., எக்செமஸ்டேன் 25 மி.கி. ஆகிய மூன்றும் முடக்குவது அந்த நொதியைத்தான். சூலகம் இன்னும் உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு இதைக் கொடுத்தால், ஈஸ்ட்ரோஜன் குறைந்ததை மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கண்டுகொள்ளும். சூலகத்தைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன் கூடுதலாக வரும், சூலகம் முன்னைவிட மும்முரமாக இயங்கும். பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கு முட்டை வளர ஐந்து நாள் லெட்ரோசோல் கொடுப்பது இதே கணக்கில்தான்.

டமோக்சிஃபென் ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதில்லை. புற்றணுவில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடமான ரிசெப்டரில் அது போய் உட்கார்ந்துகொள்வதால் ஈஸ்ட்ரோஜனுக்கு இடமிருக்காது. ரத்தத்தில் ஹார்மோன் எவ்வளவு இருந்தாலும் மருந்து தன் வேலையைச் செய்யும். அதனால்தான் மாதவிலக்கு வருகிறவர், வராதவர் இருவருக்குமே அது பொருந்துகிறது.

இன்னொன்று, இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு: மாதவிலக்கு நிற்கும் வயதில் உடல் எரிச்சலுக்குக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை வேறு, இது வேறு. அது ஈஸ்ட்ரோஜனைக் கொடுப்பது, இது பறிப்பது. மார்பகப் புற்று வந்தவர்கள் அந்தப் பழைய மாத்திரை வீட்டில் இருந்தால் தொடக்கூடாது.

நோய்க்கூறியல்_பினாங்கு

8/8 பற்றி. இ.ஆர். என்பது ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர், பி.ஆர். என்பது புரோஜெஸ்ட்ரோன் ரிசெப்டர், ஹெர்-2 என்பது அணுவை வளரத் தூண்டும் ஒரு புரதம். 8/8 ஸ்டேஜ் இல்லை. ஆல்ரெட் என்ற மதிப்பெண் முறை. எத்தனை பங்கு அணுக்களில் சாயம் ஏறியது என்பதற்கு 0 முதல் 5, எவ்வளவு அழுத்தமாக ஏறியது என்பதற்கு 0 முதல் 3. இரண்டையும் கூட்டினால் அதிகபட்சம் 8. மூன்றும் அதற்கு மேலும் பாசிட்டிவ். ஆக உங்கள் அண்ணியின் கட்டி ஈஸ்ட்ரோஜனை மிக அதிகமாக நம்பி வளர்ந்தது, ஹார்மோன் சிகிச்சைக்கு நன்றாக மடியக்கூடியது என்று பொருள். பயப்பட வேண்டிய எண் அல்ல.

சில லேப் மதிப்பெண் போடாமல் சதவீதம் மட்டும் போடும். 1 சதவீதம் இருந்தாலே பாசிட்டிவ் என்றுதான் கணக்கு. ஆனால் 1 முதல் 10 வரை இருப்பதை 2020 முதல் 'லோ பாசிட்டிவ்' என்று தனியாகக் குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வகைக் கட்டிகள் பல நேரம் நெகட்டிவ் கட்டி போலவே நடந்துகொள்ளும், மாத்திரையை மட்டும் நம்பி இருக்க முடியாது.

நீங்கள் எழுதாமல் விட்டது கிரேடு, அதாவது புற்றணு சாதாரண அணுவிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பது. 1, 2, 3 என்று ஏதாவது இருக்கும், பாருங்கள். நெறிக்கட்டியில் புற்று இருந்ததால் அந்த எண் முக்கியம்.

செந்தூல்_வாசு

நன்றி. கிரேடு 2 என்று இருக்கிறது. அப்படியென்றால் அந்தச் சொந்தக்காரர் சொன்னது முழுக்கப் பொய்யா? இன்னொரு விஷயம், தனியார் லேப்பில் எஃப்.எஸ்.எச். பார்த்தோம், 42 என்று வந்தது. அது மாதவிலக்கு நின்றவர்களுக்கான அளவுதான் என்று அந்தத் தாளிலேயே போட்டிருக்கிறது.

மிஸ்ஸி_ஜெலுத்தோங்

தம்பி, அந்த 42-ஐ வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீங்க. கீமோ சூலகத்தை மயக்கத்தில் போட்டிருக்கும், செத்துப்போச்சு என்று அர்த்தமில்லை. நாற்பதுகளில் இருக்கும் பெண்களுக்கு ஒரு வருஷம் கழித்துக்கூட மாதவிலக்கு திரும்பி வரும். எஃப்.எஸ்.எச். இந்த மாசம் ஏறும், அடுத்த மாசம் இறங்கும். போதாததற்கு டமோக்சிஃபென் வேறு அந்த எண்களைக் கலைக்கும்.

60 வயசு தாண்டியவர், இரண்டு சூலகத்தையும் எடுத்தவர், இவர்களைப் பற்றிக் கேள்வியே இல்லை. 60-க்குக் கீழே என்றால், கீமோவும் டமோக்சிஃபெனும் இல்லாமல் தானாக 12 மாசம் வராமல் இருந்து, ரத்தத்தில் எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ரடயோல் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வடிவம்) இரண்டும் பொருந்தினால்தான் நின்றது என்று எடுத்துக்கொள்வார்கள். உங்க அண்ணி இதில் எதிலுமே வரவில்லை.

எஸ்ட்ரடயோல் டெஸ்ட்டிலும் ஒரு சிக்கல் இருக்கு. சாதாரண லேப் கருவி, இளம் பெண்ணின் உயர்ந்த அளவைப் பார்க்கத்தான் லாயக்கு. அடிமட்ட அளவுக்கு வரும்போது தப்பாகக் காட்டும். எக்செமஸ்டேன் சாப்பிடுகிறவருக்கு, அந்த மாத்திரையையே எஸ்ட்ரடயோல் என்று நினைத்துக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் செய்வதுதான் நம்பகமானது. எங்கே செய்கிறார்கள் என்று டாக்டரிடமே கேளுங்க.

சொந்தக்காரர் பாதி சரி. நெறிக்கட்டியில் புற்று போயிருக்கிற 46 வயசுக்காரருக்கு, சூலகத்தை அடக்கிவிட்டு அரோமட்டேஸ் மாத்திரை, அதாவது லெட்ரோசோல் போல அந்த நொதியை முடக்கும் மாத்திரை, கொடுப்பது நல்ல வழிதான். அடக்காமல் கொடுப்பதுதான் ஆபத்து.

மருந்து_கவுண்டர்

மிஸ்ஸி சொல்வதற்கு எண்கள் இருக்கின்றன. மாதவிலக்கு நின்றவர்களில், டமோக்சிஃபெனோடு ஒப்பிட்டால் அரோமட்டேஸ் மாத்திரைகள் நோய் திரும்புவதைச் சுமார் 30 சதவீதம் குறைக்கின்றன, பத்தாண்டில் மார்பகப் புற்றால் நேரும் மரணத்தைச் சுமார் 15 சதவீதம் குறைக்கின்றன. 2015-இல் வந்த பெரிய தொகுப்பாய்வு இது. ஆனால் டமோக்சிஃபெனைப் 'பழசு' என்று தள்ளுவது அநியாயம். ஐந்து வருடம் சாப்பிட்டால் முதல் ஐந்தாண்டில் நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகிறது, பதினைந்து ஆண்டுக் கணக்கில் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாத்திரையை நிறுத்திய பிறகும் பலன் தொடர்கிறது என்பது இதன் தனிச்சிறப்பு. அமெரிக்காவில் 1977-இல் அனுமதி கிடைத்த மருந்து. முதலில் கருத்தடைக்காகத் தேடி உருவாக்கப்பட்டு, அந்த வேலைக்கு ஆகாமல் போனது.

சூலகத்தை அடக்கும் யோசனை இன்னும் பழையது. கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் சூலகத்தை அறுத்தெடுத்து மார்பகப் புற்றைச் சுருக்கியதை எழுதியது 1896-இல். ஈஸ்ட்ரோஜன் என்ற ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது.

மிஸ்ஸி_ஜெலுத்தோங்

இப்போ அதையே ஊசியில் செய்கிறோம். கோசெரெலின் 3.6 மி.கி., சொலடெக்ஸ் என்று சொன்னால் தெரியும். 28 நாளுக்கு ஒன்று. ஒரு சிறு அரிசி அளவு வில்லை, தொப்புளுக்குக் கீழே தோலுக்கடியில் போகும். ஊசி தடிமன், மறைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை. ஐஸ் வைக்கலாம், தோலை மரத்துப்போக வைக்கும் கிரீம் தடவி ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம். ரத்தம் கட்டிக்கொள்வது சகஜம். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லணும்.

தப்பு நடக்கிற இடங்கள்: முதல் ஓரிரு வாரம் இந்த ஊசி சூலகத்தைத் தூண்டிவிட்டுத்தான் பிறகு அடக்கும். அதனால் அரோமட்டேஸ் மாத்திரையை ஊசி ஆரம்பித்துச் சில வாரம் கழித்தே பல டாக்டர்கள் தொடங்குவார்கள். அடுத்தது தேதி. பள்ளி விடுமுறை, தீபாவளி, ஊர்ப்பயணம் என்று ஊசியைப் பத்து நாள் தள்ளினால் சூலகம் விழித்துக்கொள்ளும். டமோக்சிஃபெனோடு சேர்த்துப் போடுகிறவருக்கு அது சமாளிக்கக்கூடியது. லெட்ரோசோலோடு போடுகிறவருக்கு அந்தப் பத்து நாளும் பாதுகாப்பே இல்லை. மூணு மாசத்துக்கு ஒரு தரம் போடும் 10.8 மி.கி. ஊசியும் இருக்கு. ஆனால் இளம் வயதுக்காரருக்கு, அதுவும் அரோமட்டேஸ் மாத்திரையோடு என்றால், மாசாமாசம் போடுவதுதான் மேல் என்பது என் கருத்து.

ஊசி போட்டிருக்கும்போது திட்டுத் திட்டாக ரத்தம் பட்டாலும் உடனே டாக்டருக்குச் சொல்லணும்.

பட்டர்வொர்த்_பாலா

எல்லாம் சரி. ஆனால் ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று மாத்திரை சாப்பிட்டு, உடம்பு எரிந்து, மூட்டு பிடித்து, எலும்பும் கரைந்து இருப்பதற்கு இயற்கையாகப் போகலாமே? கச்சிப் பாத்திமா என்ற மலாய் மூலிகை, தோங் குவாய் என்ற சீன மூலிகை, மஞ்சள் கேப்சூல், சோயா என்று நம் ஊரிலேயே எத்தனையோ இருக்கிறது. நோயும் போய்விட்டது, கட்டியையும் எடுத்தாயிற்று.

மருந்து_கவுண்டர்

பாலா ஐயா, 'போய்விட்டது' என்பதில்தான் தகராறு. ஹார்மோன் பாசிட்டிவ் புற்று தாமதமாகத் திரும்பும் வகை. ஐந்து வருடம் மாத்திரை முடித்து நோயில்லாமல் இருந்தவர்களை இருபதாம் வருடம் வரை பின்தொடர்ந்த ஆய்வு 2017-இல் வந்தது. 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி, நெறிக்கட்டியில் ஒன்றுமில்லை என்ற மிக நல்ல நிலையில் இருந்தவர்களிலேயே 13 சதவீதத்தினருக்குப் பிற்காலத்தில் உடலின் வேறு இடத்தில் நோய் வந்தது. பெரிய கட்டி, நாலு முதல் ஒன்பது நெறிக்கட்டி என்றால் 41 சதவீதம். பழைய கால சிகிச்சை பெற்றவர்கள் என்பதால் இன்றைய எண் இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் அபாயம் ஐந்தாம் வருடத்தோடு முடிவதில்லை.

நீங்கள் சொன்ன சரக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கச்சிப் பாத்திமாவுக்கும் தோங் குவாய்க்கும் ஈஸ்ட்ரோஜன் போன்ற செயல் உண்டு என்று சந்தேகம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜனை அடக்க மாத்திரை சாப்பிடும் ஒருவர் அதோடு இவற்றையும் சாப்பிடுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது. தோங் குவாய், வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தக்கசிவையும் கூட்டும்.

மஞ்சள் குழம்பில் போடும் அளவு பிரச்சினையே இல்லை. மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல், டமோக்சிஃபெனோடு சாப்பிட்டபோது அதன் செயல்படும் வடிவமான எண்டாக்சிஃபென் ரத்தத்தில் குறைந்ததைச் சிறிய ஆய்வு ஒன்று காட்டியது. கேப்சூலை விடுவதே நல்லது.

சோயாவைக் கண்டு பயப்பட வேண்டாம். தௌஹு, டெம்பே, பாசார் மாலாமில் விற்கும் சோயா பால் என்று உணவாகச் சாப்பிடலாம். சோயா ஐசோஃப்ளேவோன் என்று குப்பியில் அடைத்து விற்கும் மாத்திரைதான் வேண்டாம்.

புடு_ராஜி

உடம்பு எரிச்சலுக்கு என்ன செய்வது? தூக்கமே இல்லை, மனசும் சோர்வு என்று சொன்னால் கிளினிக்கில் மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். அது இதோடு ஒத்துப்போகுமா?

மருந்து_கவுண்டர்

ரொம்ப முக்கியமான கேள்வி அக்கா. டமோக்சிஃபெனைச் செயல்படும் வடிவமாக மாற்றுவது கல்லீரலிலுள்ள சி.ஒய்.பி.2டி6 என்ற நொதி. பரோக்செட்டின், ஃப்ளூவோக்செட்டின், புப்ரோபியோன் மூன்றும் அந்த நொதியை மடக்கிவிடும். எந்தக் கிளினிக்கில், எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தாலும், டமோக்சிஃபென் சாப்பிடுவதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வென்லஃபாக்சின் அந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை. 37.5 மி.கி.யில் தொடங்கி 75 வரை கொடுத்தால் எரிச்சலும் குறையும். தூக்கம் கெடுகிறவர்களுக்கு இரவில் கேபபென்டின் கொடுப்பதுண்டு. வென்லஃபாக்சின் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், பிரஷர் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டையுமே சட்டென்று நிறுத்தக்கூடாது.

லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல், எக்செமஸ்டேன் மூன்றுக்கும் இந்த 2டி6 சிக்கல் கிடையாது.

மிஸ்ஸி_ஜெலுத்தோங்

பாலா அண்ணே சொன்ன மூட்டு வலி நிஜம்தான். அரோமட்டேஸ் மாத்திரையைப் பாதியில் விடுகிறவர்களில் நிறையப் பேர் அதனால்தான் விடுகிறார்கள். விட்டதை டாக்டரிடமும் சொல்வதில்லை, மருந்தை வாங்கி அலமாரியில் அடுக்கிவிடுகிறார்கள். பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் குழம்புவதுதான் மிச்சம்.

காலையில் எழுந்ததும் விரல் மடங்காது, கொஞ்சம் நடமாடினால் இளகும். மணிக்கட்டில் நரம்பு நசுங்கி மரத்துப்போவதும் இதோடு வரும். உடற்பயிற்சி உண்மையிலேயே வலியைக் குறைக்கிறது, ஆய்விலும் நிரூபணமாயிருக்கு. வாரத்துக்கு 150 நிமிஷம் வேக நடை, இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. பினாங்குக்காரர்களுக்கு யூத் பார்க், கே.எல். பக்கம் தித்திவங்சா ஏரி, விடிகாலையில் போனால் வெயிலும் இல்லை. போதவில்லை என்றால் டாக்டர் இரண்டு மூணு வாரம் மருந்தை நிறுத்திப் பார்த்து, அதே குடும்பத்தில் வேறு மாத்திரைக்கு மாற்றுவார். லெட்ரோசோல் ஒத்துக்காதவருக்கு எக்செமஸ்டேன் ஒத்துக்கொள்வது உண்டு. அதை மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு போடணும். டுலோக்செட்டினும் மூட்டுக்கு உதவும், ஆனால் அதுவும் 2டி6-ஐ ஓரளவு தடுப்பதால் டமோக்சிஃபெனோடு வேண்டாம். எதுவுமே சரிப்படாவிட்டால் டமோக்சிஃபெனுக்கே திரும்பலாம். மாத்திரையே இல்லாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

எலும்பு விஷயம் அடுத்தது. அரோமட்டேஸ் மாத்திரை தொடங்கும்போதே எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் ஒரு டெக்சா ஸ்கேன், அப்புறம் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அதில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் என்றால் எலும்புப்புரை. சாப்பாட்டையும் சேர்த்துக் கால்சியம் ஒரு நாளைக்கு 1000 முதல் 1200 மி.கி., வைட்டமின் டி 800 யூனிட் அளவில் போகணும். எலும்பைக் காக்கும் ஜோலெட்ரோனிக் ஆசிட் 4 மி.கி. ஆறு மாசத்துக்கு ஒரு தரம் டிரிப்பில் போடுவார்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு எலும்பில் புற்று திரும்புவதையும் அது கொஞ்சம் குறைக்கிறது. முதல் டோஸ் போட்ட மறுநாள் காய்ச்சல், உடம்பு வலி வரும், பாரசிட்டமால் போதும். கிட்னி ரத்தப் பரிசோதனை முன்னால் கட்டாயம். அதைவிட முக்கியம் பல். பிடுங்க வேண்டியதை ஊசிக்கு முன்னாலேயே பிடுங்கிவிடணும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் அபாயம் உண்டு.

டெனோசுமாப் என்ற இன்னொரு எலும்பு ஊசி போடுகிறவர்கள் மட்டும் ஒன்றை மனசில் வைத்துக்கணும். ஆறு மாச ஊசியைத் தவறவிட்டாலோ, மாற்று மருந்தில்லாமல் நிறுத்தினாலோ எலும்பு படுவேகமாகக் கரைந்து முதுகெலும்பு நொறுங்கலாம்.

நோய்க்கூறியல்_பினாங்கு

டமோக்சிஃபென் பக்கத்துக்கு ஒரு குறிப்பு. மாதவிலக்கு நின்றவருக்கு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு சொட்டானாலும், கருப்பை உட்சுவரைப் பரிசோதிக்க வேண்டும். அந்த மருந்து அங்கே ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும். பத்து வருடம் சாப்பிடுவதையும் ஐந்து வருடம் சாப்பிடுவதையும் ஒப்பிட்ட அட்லஸ் ஆய்வில், கருப்பைப் புற்று 1.6 சதவீதத்திலிருந்து 3.1 ஆகக் கூடியது. அதே ஆய்வில் மார்பகப் புற்று மரணம் 15 சதவீதத்திலிருந்து 12.2 ஆக இறங்கியது. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு வருடா வருடம் கருப்பை ஸ்கேன் எடுப்பதால் பயன் குறைவு, வீண் பயாப்சிதான் மிஞ்சும். டமோக்சிஃபெனில் உட்சுவர் ஸ்கேனில் தடிப்பாகத் தெரிவது சர்வ சாதாரணம்.

சர்க்கரை, கொழுப்பு உள்ளவர்கள் கல்லீரல் பரிசோதனையையும் ட்ரைகிளிசரைடையும் விட்டுவிடாதீர்கள். டமோக்சிஃபென் கல்லீரலில் கொழுப்பைக் கூட்டும்.

செந்தூல்_வாசு

இன்னும் மூன்று கேள்வி. மாதவிலக்கு இல்லாததால் கருத்தடை தேவையில்லைதானே? ஒரு நாள் மாத்திரை மறந்தால் மறுநாள் இரண்டு போடலாமா? தைப்பூச விரதத்தில் என்ன செய்வது?

மருந்து_கவுண்டர்

மாதவிலக்கு வராமலே கருத்தரிக்க முடியும், டமோக்சிஃபென் கருவைப் பாதிக்கும். ஆணுறை அல்லது கருப்பைக்குள் வைக்கும் செம்பு காயில். ஹார்மோன் உள்ள மாத்திரை, ஊசி, காயில் எதுவும் கூடாது. பிள்ளை வேண்டும் என்ற இளம் பெண்களுக்கும் வழி உண்டு. 18 முதல் 30 மாதம் மாத்திரை சாப்பிட்டு, அதிகபட்சம் இரண்டு வருடம் இடைவெளி விட்டுப் பிள்ளை பெற்றுத் திரும்பச் சேர்ந்தவர்களில், குறுகிய காலத்தில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023-இல் ஆய்வு முடிவு வந்தது. ஆனால் அதை டாக்டரோடு திட்டமிட்டுத்தான் செய்ய வேண்டும்.

மறந்தால் அதே நாளில் நினைவு வரும்போது போடுங்கள். மறுநாள் ஆகிவிட்டால் அன்றைய ஒன்று மட்டும், இரட்டிப்பு வேண்டாம். டமோக்சிஃபென் உடலில் பாதியாகக் குறையவே ஐந்து முதல் ஏழு நாள் ஆகும், ஒரு நாள் விட்டால் ஒன்றும் ஆகாது. பக்கவிளைவு குறையட்டும் என்று மாத்திரையை உடைத்து 5 மி.கி. கணக்கில் சாப்பிடுவதுதான் ஆபத்து. அந்தக் குறைந்த அளவு, பால் குழாயைத் தாண்டாத ஆரம்ப நிலைக்கு ஆய்ந்து பார்த்தது. பரவும் வகைப் புற்றுக்கு 20-தான்.

விரதத்தில் டமோக்சிஃபெனைத் தண்ணீரோடு எப்போது வேண்டுமானாலும் போடலாம், உணவோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஒரு வேளை மட்டும் சாப்பிட்டால் எக்செமஸ்டேனை அந்த வேளையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிஸ்ஸி_ஜெலுத்தோங்

கால் விஷயம் யாரும் சொல்லவில்லை. டமோக்சிஃபென் ரத்தம் கட்டும் அபாயத்தை இரண்டு மூணு மடங்கு கூட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலித்தால் எண்ணெய் தேய்த்து உருவாதீங்க. அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்க. திடீரென்று மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். பெரிய ஆப்பரேஷன் எதற்காவது தேதி கொடுத்தால், டமோக்சிஃபெனை நிறுத்தணுமா என்று முன்னாலேயே கேட்டு வையுங்க.

நோய்க்கூறியல்_பினாங்கு

வாசு, கிரேடு 2, ஒரு நெறிக்கட்டி, கட்டி 5 செ.மீ.க்குக் கீழ் என்பதால் அபெமசிக்லிப் என்ற இரண்டு வருட மாத்திரைக்கான வரையறையில் அண்ணி வரமாட்டார். அதற்கு நாலு நெறிக்கட்டி, அல்லது ஒன்று முதல் மூன்றோடு கிரேடு 3, இல்லை 5 செ.மீ. கட்டி இருக்க வேண்டும். ரிபோசிக்லிப் 400 மி.கி., மூன்று வருடம், ஒரு நெறிக்கட்டி உள்ளவர்களையும் சேர்த்து ஆய்ந்த மருந்து. அதுவும் அரோமட்டேஸ் மாத்திரையோடுதான் போகும், டமோக்சிஃபெனோடு சேர்க்கக்கூடாது, இதயத் துடிப்பின் க்யூ.டி. இடைவெளி நீளும். விலை கனம். இன்சூரன்ஸ் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மருந்து_கவுண்டர்

மருந்து எடுக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். மலேசிய அரசு ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு நிபுணர் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்). டமோக்சிஃபென், லெட்ரோசோல் எல்லாம் ஜெனரிக்காகவே கிடைக்கும், பெட்டியின் பெயர் மாறிவிட்டது என்று கலங்க வேண்டாம், மில்லிகிராமைப் பாருங்கள். மாதாமாதம் கே.எல். வர முடியாதவர்கள் எஸ்.பி.யூ.பி. முறையில் பக்கத்து அரசு கிளினிக்கில் எடுக்கக் கவுண்டரில் முன்கூட்டியே பதிந்துகொள்ளலாம், தபாலில் வாங்கும் வசதியும் இருக்கிறது. வெளியில் வாங்கினால் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். இணையத்தில் மலிவாக விற்கும் அட்டையில் அது இல்லையென்றால் வாங்காதீர்கள்.

சொலடெக்ஸ் வாங்கிக் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறவர்கள் மதியம் காரில் வைத்துவிட்டு இறங்காதீர்கள், 25 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறையை ஊசி போடும் மிஸ்ஸிதான் (நர்ஸ்) பிரிக்க வேண்டும், பிரித்த உடனே போட வேண்டும்.

வாசு, அப்பாய்ண்ட்மெண்ட் வரை அண்ணி டமோக்சிஃபெனையே தொடரட்டும். அன்று கேட்க வேண்டியது: சூலகத்தை அடக்கும் ஊசி எனக்குப் பொருந்துமா, எத்தனை வருடம், டெக்சா எப்போது, பல் டாக்டரை முதலில் பார்க்கவா. அந்த எஃப்.எஸ்.எச். தாளையும் எடுத்துப் போங்கள், அது எந்தத் தேதியில் எடுத்தது, அன்று டமோக்சிஃபென் தொடங்கியிருந்ததா என்பதை மேலே எழுதி வைத்து.